என்ரிகோ கரூசோ: கேள்வி பதில்

ஓபரா என்னும் மேற்கத்திய இசை நாடகங்களில் பாடிய இத்தாலிய டெனர் (ஆண்களின் உச்சஸ்தாயிக் குரல்) பாடகர் என்ரிகோ கரூசோவைப் (1873–1921) பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள்.

கேள்வி: பெற்றோருக்கு அவர் பதினெட்டாவது பிள்ளை என்கிறார்களே?

கட்டுக்கதை. ஏழு பிள்ளைகளில் மூன்றாமவர். நேப்பிள்ஸ் நகரத்து ஏழைக் குடும்பம்.

கேள்வி: ஐயா, அந்தச் சாரீரம் பிறவியிலேயே அமைந்ததா?

இல்லவே இல்லை. 1895இல் மேடையேறிய புதிதில் உச்சஸ்தாயியில் அவர் குரல் உடைந்துவிடும். ஆண்டுக்கணக்கில் உழைத்துத்தான் அதைத் திடமாக்கினார். அப்போதும் டெனர்களின் பெருமையாகக் கருதப்படும் மேல் 'சி' ஸ்வரத்தை அவர் பெரிதாக நம்பவில்லை. 'லா போயெம்' ஓபராவின் புகழ்பெற்ற டெனர் பாடலை 1906 இசைத்தட்டில் அரை ஸ்வரம் இறக்கியே பாடியிருக்கிறார். அவருடைய செல்வம் நடுஸ்தாயியில் இருந்தது; கனமும் இருளும் கலந்த குரல். ஒருமுறை அதே ஓபராவில் கீழ்ஸ்தாயிப் பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, அவருடைய பாட்டையும் கரூசோவே பாடி முடித்தார்.

கேள்வி: புகழுக்குக் காரணம் குரலா, கிராமபோனா?

இரண்டையும் பிரிக்க முடியாது. 1902 ஏப்ரலில் மிலான் நகர ஓட்டல் அறை ஒன்றில், பத்துப் பாடல்களை இசைத்தட்டுக்காக 100 பவுண்டுக்குப் பாடிக்கொடுத்தார். அன்று மைக் கிடையாது. பாடகர் ஒரு புனலுக்குள் பாட, அந்த அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறும். அந்தக் கருவி பெண்களின் உச்சக்குரலை மெலிய வைத்தது. கரூசோவின் குரலையோ அப்படியே வாங்கிக்கொண்டது. மறு ஆண்டே நியூயார்க்கின் மெட்ரோபொலிட்டன் ஓபரா நிறுவனத்தில் பாடத் தொடங்கினார். அங்கே மட்டும் 800க்கும் மேற்பட்ட முறை பாடியிருக்கிறார்.

கேள்வி: சொந்த ஊரில் பாடவே மாட்டேன் என்றாராமே?

ஆம். 1901 டிசம்பரில் சான் கார்லோ அரங்கில் 'லெலிசிர் தமோரே' என்ற ஓபராவில் பாடினார். நேப்பிள்ஸ் ரசிகர்களின் மந்தமான வரவேற்பு அவர் மனத்தைப் புண்படுத்தியது. அந்த நிகழ்ச்சித் தொடர் முடிந்த பிறகு அந்த ஊரில் பாடவே இல்லை. இதில் நான் கரூசோ பக்கம்தான்.

கேள்வி: அவருடைய கடைசி நாட்கள்?

எழுதவே கஷ்டமாக இருக்கிறது. 1920 டிசம்பர் 11, நியூயார்க்கின் புரூக்ளினில் அதே 'லெலிசிர் தமோரே'. பாடும்போதே வாயிலிருந்து ரத்தம் வந்தது. சக கலைஞர்கள் துணிகளைக் கொடுக்கக் கொடுக்க, துடைத்துக்கொண்டே முதல் அங்கத்தை முடித்தார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு இன்னொரு ஓபரா, அதுவே கடைசி. நுரையீரல் உறையில் சீழ், அடுத்தடுத்து அறுவை சிகிச்சைகள். 1921 ஆகஸ்ட் 2 அன்று, பாட மறுத்த அதே நேப்பிள்ஸில் உயிர் பிரிந்தது. வயது 48.

கேள்வி: முதலில் எதைக் கேட்கலாம்?

'ஊனா ஃபுர்திவா லாக்ரிமா', 1904 பதிவு. பியானோ மட்டுமே துணை. வேகம் சரிபார்த்த மறுபதிப்பாகத் தேடுங்கள். அந்தக் கால இசைத்தட்டுகளுக்கு ஒரே சீரான வேகம் இல்லை, வேகம் கூடினால் சுருதியும் ஏறி அவர் குரலின் கனம் காணாமல் போகும். இந்தப் பாட்டும் 'லெலிசிர் தமோரே'யில் வருவதுதான்.