பாழூரில் ஓர் அக்டோபர் இரவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்ட்டியில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறேன். ஒவ்வோர் அக்டோபரிலும் அலுவலக நண்பர்கள் ப்யூனா பார்க்கில் உள்ள நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் என்ற பொழுதுபோக்குப் பூங்காவின் ‘ஸ்கேரி ஃபார்ம்’ எனும் ஹாலோவீன் பேய் இரவுக்கு அழைக்கிறார்கள். ஏதாவது காரணம் சொல்லித் தப்பித்துவிடுகிறேன். சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய், முகத்தில் சாயம் பூசிய ஒருவர் கத்தினால் அலறுவதில் வளர்ந்த மனிதனுக்கு என்ன கிடைக்கிறது? ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியார், ‘பேயைப் பார்க்கக் காசு வேற குடுக்கணுமா?’ என்கிறார். இந்த ஆண்டு பதினொரு வயது மகளும் வருவேன் என்று அடம்பிடிக்கிறாள். நீங்கள் அங்கே சென்றதாக ஓர் உரையில் சொன்னீர்கள். அதில் பார்ப்பதற்கு ஏதாவது இருக்கிறதா, அல்லது வெறும் வணிகக் கூச்சல்தானா?

எம்.

அன்புள்ள எம்.,

வணிகம்தான், கூச்சலும்தான். ஆனால் பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் அந்த இடத்தின் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நடப்பதெல்லாம் ஒரு பெயரிலிருந்து முளைத்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

வால்டர் நாட் பெர்ரிப்பழம் பயிரிட்ட விவசாயி. 1934 ஜூனில் அவருடைய மனைவி கார்டீலியா, தன் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளை எடுத்துவைத்து எட்டுப் பேருக்குக் கோழிக்கறிச் சாப்பாடு போட்டார். விலை 65 சென்ட். சில ஆண்டுகளில் அந்தச் சாப்பாட்டுக்கு மணிக்கணக்கில் வரிசை நின்றது. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டும் என்று 1940-இல் நாட் கட்டத் தொடங்கியதுதான் ‘கோஸ்ட் டவுன்’. ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஆள் ஒழிந்துபோன ஊரைக் குறிக்கும். தமிழில் ‘பாழூர்’ என்றால் பொருந்தும், ‘பேயூர்’ என்றால் பிழை. வெள்ளியோ தங்கமோ கிடைத்தவரை நிறைந்திருந்து, தீர்ந்ததும் காலியாகிப்போன மேற்கத்திய ஊர்களின் பழைய மரக் கட்டடங்கள் சிலவற்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து, புதிதாகக் கட்டியவற்றோடு சேர்த்து அங்கே நிறுத்தினார். மொஹாவி பாலைவனத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த காலிகோ என்ற வெள்ளிச் சுரங்க ஊரையே 1951-இல் விலைக்கு வாங்கிச் செப்பனிட்டு, 1966-இல் சான் பெர்னார்டினோ கவுண்ட்டிக்குக் கொடுத்துவிட்டார் என்றால் மனிதருக்குப் பாழூர்கள் மேல் இருந்த பித்து உங்களுக்கு விளங்கும்.

அந்தப் பெயரில் இருந்த ‘கோஸ்ட்’ முப்பத்து மூன்று ஆண்டுகள் உவமையாகவே இருந்தது. 1973 அக்டோபரில் மூன்று இரவுகள் மட்டும் அதைச் சொல்லுக்குச் சொல் எடுத்துக்கொண்டார்கள்; ஸ்கேரி ஃபார்ம் தொடங்கியது அப்படித்தான். முதலில் அசையாத பொம்மைகளைத்தான் வைத்திருந்தார்களாம். பூங்காவுக்குள் ஓடும் ‘காலிகோ சுரங்க ரயில்’ என்ற சவாரியை வடிவமைத்த பட் ஹர்ல்பட்டுக்கு அது போதவில்லை. அவரே ஒரு கொரில்லா உடுப்பை மாட்டிக்கொண்டு தன் ரயிலின் இருட்டுக்குள் நின்று பயணிகளைப் பயமுறுத்தினார் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு மெருகேறியதோ, எனக்கு அது பிடிக்கும். பொம்மை பயமுறுத்தாது, உயிருள்ள ஒருவர் பொம்மைபோல் நின்றால்தான் பயமுறுத்தும் என்ற இக்கலையின் அடிப்படை அதில் இருக்கிறது.

நான் சென்றது ஓர் அக்டோபர் வியாழக்கிழமை. பகலில் வந்தவர்களை அனுப்பிவிட்டு, மாலையில் வேறு சீட்டோடு வருபவர்களுக்காகப் பூங்காவை மறுபடி திறக்கிறார்கள். கோஸ்ட் டவுன் தெருவில் புகை இயந்திரங்கள் கக்கிய வெண்புகை, எதிரே வருபவரின் இடுப்புக்கு மேல் மட்டும் தெரியும் அளவுக்கு இறங்கிக் கிடந்தது. முழங்காலில் உலோகக் கவசமும் கையில் உலோகம் பதித்த உறையும் அணிந்த நடிகர்கள் அங்கே இருக்கிறார்கள். ஸ்லைடர் என்று பெயர். ஓடிவந்து தரையில் முழங்காலிட்டுச் சறுக்குவார்கள், சிமெண்டில் உரசித் தீப்பொறி தெறிக்கும். அப்படி ஒருவர் என்னைக் கடந்து, எனக்கு முன்னால் நடந்த உயரமான இளைஞனின் காலடியில் வந்து நின்றார். அவன் துள்ளவில்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை. மண்டியிட்டபடியே தலையை மெல்லச் சாய்த்து, அவனுக்குப் பின்னால் ஒளிந்திருந்த தோழியை மட்டும் பார்த்தார். அவள் ஒரு பக்கம் நகர்ந்தால் அவரும் அந்தப் பக்கம் சாய்ந்தார். ஒரு சொல் இல்லை, ஒரு தொடுதல் இல்லை. அரை நிமிடத்தில் அலறியது அந்த இளைஞன்தான். யார் பயப்படுவார், யார் பயத்தை மறைப்பார் என்பதைப் புகைக்குள் ஒரு கணத்தில் கணிக்கத் தெரிந்த அந்த நடிகரை நான் அதன்பின் வெகுநேரம் பின்தொடர்ந்தேன். அவருக்கு அது பிடித்திருக்காது.

‘மேஸ்’ எனப்படும் இருட்டுப் பாதைகளுக்கு நான் இரண்டாம் இடமே தருவேன். அவற்றில் அரங்க அமைப்பு அபாரமாக இருக்கும். ஆனால் இதுபோன்ற பெரிய நிகழ்ச்சிகளில் எல்லாம் கூட்டம் சங்கிலியாகப் போய்க்கொண்டே இருப்பதால், மறைவிலிருந்து வெளிப்படும் நடிகர் உங்களுக்கு முன்னால் போகிறவரைப் பயமுறுத்தி முடிக்கும்போது நீங்கள் போய்ச் சேர்வீர்கள். அங்கே ரசிக்க வேண்டியது உத்தியை. ஒளி பட்டு மின்னும் பொருள் ஒன்று இடப்பக்கம் இருந்தால் ஆள் வலப்பக்கம் இருப்பார். எதிரில் வந்து மறித்தால் கூட்டம் பின்வாங்கி நெரிசலாகும் என்பதால், பெரும்பாலும் பக்கவாட்டிலிருந்தோ பின்னாலிருந்தோ வந்து உங்களை முன்னோக்கியே விரட்டுவார்கள். வழிகாட்டிகள் யாரும் ‘நகருங்கள்’ என்று சொல்லத் தேவையில்லை, பயமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

இருட்டில் கூட்டத்தை நடத்துவது விளையாட்டல்ல என்பதை அமெரிக்கா கொடுமையாகக் கற்றுக்கொண்டது. 1984 மே 11 அன்று நியூ ஜெர்சியில், சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் பூங்காவின் ‘ஹாண்டட் காஸில்’ எரிந்து, எட்டுப் பதின்வயதினர் மாண்டார்கள். அங்கே தானியங்கி நீர்த்தெளிப்பான்கள் இல்லை. இன்று இத்தகைய கட்டடங்களில் அவை கட்டாயம். அபாயமணி அடித்தால் விளக்குகள் ஏறி, அலறல் ஒலிகள் நின்றுவிட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நீங்கள் போகும்போது தலைக்கு மேலே பாருங்கள், சிலந்தி வலைக்கு நடுவே அந்தத் தெளிப்பான் தெரியும்.

இனி உங்கள் கேள்வி, வளர்ந்த மனிதனுக்கு என்ன கிடைக்கிறது என்பது. டென்மார்க்கின் வெய்லா நகருக்கு அருகே டிஸ்டோபியா என்ற பேய்வீட்டில், ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 110 பேருக்கு இதயத்துடிப்பு மானி கட்டி உள்ளே அனுப்பி, 2020-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பயம் மிகக் குறைந்தவர்களுக்கும் மிக ஏறியவர்களுக்கும் இன்பம் குறைவு. நடுவில் நின்றவர்களே அதிகம் மகிழ்ந்தார்கள். அதே இடத்தில் அவர்கள் செய்த இன்னொரு ஆய்வு எனக்கு மேலும் சுவையானது. பயத்தைத் தேடிப் பெருக்கிக்கொள்ள முனைந்தவர்களும், முடிந்தவரை அடக்கிக்கொள்ள முனைந்தவர்களும் வெளியே வந்தபோது ஏறத்தாழ ஒரே அளவு நிறைவோடு வந்தார்கள். நீங்கள் இரண்டாம் வகை என்று உங்கள் கடிதத்தின் தொனியிலிருந்து ஊகிக்கிறேன். பற்களைக் கடித்துக்கொண்டு நடந்தாலும் உங்களுக்கும் பங்கு உண்டு. அங்கே பயப்படுகிற உடம்பையும் அதைக் கண்டு சிரிக்கிற மனதையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கலாம். நிஜமான பயத்தில் அது வாய்ப்பதில்லை. நடிகர்கள் உங்களைத் தொடமாட்டார்கள், நீங்களும் அவர்களைத் தொடக்கூடாது என்ற உடன்படிக்கைதான் அந்த இடைவெளியைக் காப்பாற்றுகிறது. உங்கள் மாமியார் சொல்லும் பேய்க்கு அப்படி ஓர் உடன்படிக்கை கிடையாது, ஆகவே அதற்கு யாரும் காசு கொடுப்பதுமில்லை.

மகளை இந்த ஆண்டு இரவுக்கு அழைத்துச் செல்லாதீர்கள். பதின்மூன்று வயதுக்குக் குறைந்தவர்களுக்கு உகந்ததல்ல என்று பூங்காவே சொல்கிறது, ஒப்பனைகளின் குரூரத்தைப் பார்த்தவன் என்ற முறையில் நானும் அதை ஒப்புக்கொள்கிறேன். பகலில் சிறுவர்களுக்காக ‘ஸ்பூக்கி ஃபார்ம்’ என்று தனியாக நடத்துகிறார்கள்; மாமியாரும் அதற்கு வரலாம். இரவுக்கு நண்பர்களோடு நீங்கள் மட்டும் வார நாளொன்றில் போங்கள். வேடமிட்டு வருவோரை இரவில் அனுமதிப்பதில்லை, நல்ல காலணி போதும். மேஸ் எண்ணிக்கையைக் கணக்கிட்டு ஓடாமல், இருட்டியவுடன் கோஸ்ட் டவுன் தெருவில் எங்காவது சுவரோரம் ஒரு மணி நேரம் நில்லுங்கள். அதற்கு முன் வாயிலுக்கு வெளியே உள்ள திருமதி நாட்டின் உணவகத்தில் கோழிக்கறி சாப்பிட்டுவிடுங்கள். வரிசை நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அந்த ஊர் கட்டப்பட்டதே அதில் நிற்பவர்களுக்காகத்தான்.