கணினி கொலஸ்ட்ராலைக் கணிக்கும், காரணத்தைச் சொல்லுமா? – வாசகர் கேள்வி-பதில்

கொலஸ்ட்ரால் அளவுதான் சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே தெரிந்துவிடுகிறதே? அதைக் கணினி மாடலால் கணிக்க, நூற்றுக்கணக்கான வளர்சிதைமாற்றப் பொருட்களை (உடலின் வேதிவினைகளில் உருவாகும் சிறு மூலக்கூறுகளை) எதற்கு அளக்க வேண்டும்?

பல ஆய்வகங்களில் எல்டிஎல்லை (கெட்ட கொலஸ்ட்ராலை) நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் வெளிவந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரப்படி, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும் (நல்ல கொலஸ்ட்ராலையும்), டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துவிடுகிறார்கள். டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 400 மில்லிகிராமைத் தாண்டினால் அந்தக் கணக்கை நம்ப முடியாது. தவிர, எல்டிஎல் அளவு ஒன்றாகவே உள்ள இருவரில் ஒருவருக்கு அதைச் சுமக்கும் துகள்களின் எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம். மூலக்கூறுகளை அடையாளம் கண்டு அளக்கும் என்எம்ஆர், மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவிகள் கொழுப்பு அமிலங்கள், அமினோ அமிலங்கள், செராமைடுகள் (ஒருவகைக் கொழுப்புகள்) என்று விரிவாகக் காட்டுவதால், கோளாறு எந்தப் பாதையில் வருகிறது என்று தேட வழி கிடைக்கிறது.

அசாதாரணக் கொலஸ்ட்ராலை ஏறக்குறைய பிழையே இல்லாமல் கண்டுபிடிக்கும் மாடல் என்று ஓர் ஆய்வில் படித்தேன். நம்பலாமா?

முதலில் அந்த மாடலுக்கு என்னென்ன உள்ளீடு கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஒவ்வோர் எல்டிஎல் துகளிலும், டிரைகிளிசரைடை அதிகம் சுமக்கும் விஎல்டிஎல் துகளிலும் அபோபி என்ற புரதத்தின் ஒரு மூலக்கூறு உண்டு. அபோபியையோ விஎல்டிஎல்லின் உட்பிரிவுகளையோ உள்ளே கொடுத்துவிட்டுக் கொலஸ்ட்ராலைக் கணிக்கச் சொல்வது, கேள்வித்தாளோடு விடையையும் சேர்த்துக் கொடுப்பதுதான். இந்தத் துறையில் நான் மிகவும் கவலைப்படும் தவறு இது.

அடுத்தது மருந்து. ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் குறைப்பு மருந்தை எடுப்பவருக்கு எல்டிஎல் இறங்கியிருக்கும். அவரை "இயல்பானவர்" பட்டியலில் சேர்த்தால் மாடல் தவறாகத்தான் கற்கும். தரவைப் பயிற்சிக்கு, சோதனைக்கு என்று பிரிப்பதற்கு முன்பே முக்கியக் குறிகளை, அதாவது கணிக்க உதவும் அளவுகளை, தேர்ந்தெடுத்திருந்தாலும் துல்லியம் பொய்யாக உயரும். வேறொரு மக்கள்தொகையில் சோதித்துப் பார்க்காத துல்லிய எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

என்னிடம் 150 பேரின் மாதிரிகள், 600 குறிகள் உள்ளன. டீப் லேர்னிங் (பல அடுக்கு நரம்பு வலைப்பின்னல் முறை) பயன்படுத்தலாமா?

வேண்டாம், ஆட்கள் குறைவு, குறிகள் அதிகம். தேவையற்ற குறிகளின் பங்கைச் சுருக்கும் எலாஸ்டிக் நெட்டில் தொடங்கி, பல முடிவு மரங்களைச் சேர்த்துக் கணிக்கும் ரேண்டம் ஃபாரஸ்டோடு ஒப்பிடுங்கள். சில குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கும் லாஸோ முறை மட்டும் என்றால், ஒன்றோடொன்று சேர்ந்தே ஏறி இறங்கும் லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற அமினோ அமிலங்கள் மூன்றில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடக்கூடும். மாதிரி சற்று மாறினால் தேர்வும் மாறும்.

அந்த அமினோ அமிலங்களைத்தான் மாடல் முதலிடத்தில் காட்டுகிறது. புரதத்தைக் குறைக்கவா?

அவசரப்படாதீர்கள். இன்சுலின் எதிர்ப்பு (உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பதில் தராத நிலை) இருந்தால் இவையும் கூடும், டிரைகிளிசரைடும் கூடும். கணிக்க உதவுவது வேறு, காரணமாக இருப்பது வேறு. எச்டிஎல் குறைவாக இருப்பவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்பது பழைய கண்டுபிடிப்பு. அதை உயர்த்திய டோர்செட்ராபிப் மருந்தின் பெரிய சோதனையோ, மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2006-இல் நிறுத்தப்பட்டது. எல்டிஎல் கதை அப்படியல்ல. பிசிஎஸ்கே9 என்ற புரதத்தின் மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே எல்டிஎல் குறைந்தவர்களுக்கு இதயநோயும் குறைவு. அதே புரதத்தைத் தடுக்கும் மருந்துகளும் பலன் தருகின்றன. மாடல் சுட்டும் எந்தக் குறிக்கும் இப்படி மரபணுச் சான்றும் மருத்துவச் சோதனையும் துணை நிற்க வேண்டும்.

நானே இந்த விரிவான பரிசோதனையைச் செய்துகொள்ளலாமா?

இப்போதைக்குத் தேவையில்லை. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் அபோபி, லிப்போபுரோட்டீன்(a) என்ற எல்டிஎல் போன்ற துகள் இரண்டையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டாவது பெரும்பாலும் மரபு வழியே அமைவது. பொதுவாக வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும்.