ஆர்சிங்க் சேர்வரில் எந்தக் கோப்பு எங்கே இருக்க வேண்டும்? உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கிளிநொச்சியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பள்ளிக்கூடங்கள், கடைகள், சங்கங்களுக்கு ஆர்சிங்க் சேர்வர் அமைத்துக் கொடுத்து வருகிறேன். ஒரு கணினியில் இருக்கும் கோப்புகளை இன்னொரு கணினியிலும் அப்படியே வைத்திருக்க உதவும் மென்பொருள் அது. அன்ட்ரூ ட்ரிட்ஜெலும் போல் மக்கராசும் 1996 இல் வெளியிட்டார்கள். ஒரு கோப்பில் மாறிய பகுதியை மட்டும் அனுப்புவதால், போன் டேட்டாவை நம்பியிருக்கும் எங்கள் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் காணவில்லை.

இந்தமுறை வந்த கேள்விகள் அநேகமாக ஒரே விசயத்தைச் சுற்றித்தான் வந்திருக்கின்றன. டெமன் (பின்னணியில் ஓடிக்கொண்டு, இணைய வரும் கணினிகளுக்குப் பதில் சொல்லும் ஆர்சிங்க் நிரல்) தன் கோப்புகளை வழக்கமாக எங்கே வைக்கிறது, அந்த இடத்தை மாற்றலாமா, மாற்றினால் என்ன நடக்கும்? கட்டளைகளையும் போல்டர் பெயர்களையும் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

கேள்வி (கிளிநொச்சி, ஆசிரியை): உபுண்டு லினக்சில் ஆர்சிங்க் இருக்கிறது. சேர்விசை ஸ்டார்ட் செய்தால் பிழை ஒன்றும் வருவதில்லை, ஆனால் ஓடவும் இல்லை. ஏன்?

பதில்: டீச்சர், அமைப்புகளை எழுதி வைக்கும் கொன்பிக் கோப்பு இல்லை, அதுதான் காரணம். டெமன் ‘ஈடிசி’ போல்டருக்குள் ‘ஆர்சிங்க்டி டொட் கொன்ப்’ என்ற கோப்பைத் தேடும். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தக் கோப்பு தானாக வருவதில்லை, நாங்கள்தான் உருவாக்க வேண்டும். சேர்விசில் ‘அந்தக் கோப்பு இருந்தால் மட்டும் எழும்பு’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. கோப்பு இல்லாவிட்டால் சத்தமில்லாமல் விட்டுவிடும். ஸ்டேட்டஸ் கேட்டுப் பார்த்தால் நிபந்தனை நிறைவேறவில்லை என்று ஒரு வரி தெரியும்.

கோப்பை வேறு இடத்தில் வைக்க விரும்பினால் டெமனைத் தொடங்கும் கட்டளையில் ‘கொன்பிக்’ ஒப்ஷனைப் போட்டுப் புதிய பாதையைக் கொடுக்கலாம். அதற்கு மூல சேர்விஸ் கோப்பில் கை வைக்க வேண்டாம், அடுத்த அப்டேட்டில் உங்கள் மாற்றம் போய்விடும். ‘சிஸ்டம்சிடிஎல் எடிட் ஆர்சிங்க்’ கொடுத்தால் மேலே வைக்கும் தனிக் கோப்பு ஒன்று திறக்கும். அதில் டெமனைத் தொடங்கும் ‘எக்செக்ஸ்டார்ட்’ வரியை முதலில் வெறுமையாக ஒருதரம் எழுதி, அடுத்த வரியில் புதிய கட்டளையை எழுதுங்கள். பலர் மறப்பது அந்த நிபந்தனை வரியை. அதையும் வெறுமையாக எழுதி நீக்காவிட்டால், சேர்விஸ் பழைய இடத்தைப் பார்த்துக் கோப்பு இல்லை என்று திரும்பவும் விட்டுவிடும். உண்மையில் இந்தக் கோப்பை மாற்ற வேண்டிய தேவை அநேகருக்கு இல்லை. ஈடிசியிலேயே இருக்கட்டும்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): அண்ணை, யார் எந்தக் கோப்பை எடுத்தார்கள் என்று பார்க்க லொக் பைலை வேறு போல்டருக்கு மாற்றினேன். கோப்பு உருவாகுது, ஆனால் எப்போது பார்த்தாலும் அளவு பூச்சியம்.

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய வரியைப் பார்த்தேன். எங்கள் வாயில் இரண்டுமே ‘லொக்’தான், அங்கேதான் சிக்கல். ஆங்கிலத்தில் ‘ஜி’ எழுத்தில் முடிவது பதிவேடு, ‘கே’ எழுத்தில் முடிவது பூட்டு. நீங்கள் மாற்றியது பூட்டை.

ஒரு மொடியூலில் (டெமன் ஒரு பெயர் வைத்துப் பகிரும் போல்டர்) ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் இணையலாம் என்று ‘மேக்ஸ் கனெக்சன்ஸ்’ போட்டால், அந்த எண்ணிக்கையைக் காக்கத்தான் பூட்டுக் கோப்பு. அதற்குள் எழுத ஒன்றும் இல்லை, பூச்சியம் என்றால் நல்லபடி இருக்கிறது என்று அர்த்தம். அதன் வழக்கமான இடம் ‘வார்’ போல்டருக்குள் உள்ள ‘ரன்’. அங்கேயே விடுங்கள்.

பதிவேட்டுக்கு இடம் சொல்லாவிட்டால் டெமன் எல்லாவற்றையும் கணினியின் பொதுப் பதிவேடான சிஸ்லொக்கில் எழுதும். தனியாக வேண்டுமென்றால் ‘வார்’ போல்டருக்குள் ‘லொக்’ என்ற இடத்தில், அதாவது ஜி எழுத்து லொக்கில், ஒரு கோப்பைக் காட்டுங்கள். அது மட்டும் போதாது. ஒவ்வொரு கோப்பின் பெயரும் பதிய வேண்டுமென்றால் ‘டிரான்ஸ்பர் லொக்கிங்’ என்பதற்கு ‘யெஸ்’ கொடுக்க வேண்டும், வழக்கத்தில் அது ‘நோ’. பதிவேட்டை மட்டும் ‘ரன்’ போல்டரில் வைத்துவிடாதீர்கள். அது ரேமில் இருக்கும் இடம், கணினி நின்று எழும்பினால் எல்லாம் அழிந்திருக்கும்.

கேள்வி (மாங்குளம், ஸ்டூடியோ): கலியாண அல்பங்களை யூஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் சேமிக்க மொடியூலின் பாதையை மாற்றி வைத்தோம். ஒருநாள் கரண்ட் போய் வந்தது. அடுத்தநாள் சேர்வரின் சிஸ்டம் டிஸ்க் நிரம்பி நிற்கிறது. யூஎஸ்பி டிஸ்கில் அன்றைய படம் ஒன்றுகூட இல்லை. படங்கள் எங்கே?

பதில்: படங்கள் இருக்கின்றன, பயப்பட வேண்டாம். இதை வடிவாக எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கும் இதே அனுபவம் நடந்திருக்கிறது. அன்று காரணம் கண்டுபிடிக்க விடியும்வரை இருந்தேன்.

நீங்கள் டிஸ்கை ‘எம்என்டி’ போல்டருக்குள் ‘அல்பம்’ என்ற இடத்தில் மவுன்ட் செய்து, அதாவது இணைத்து, மொடியூலின் ‘பாத்’ வரியிலும் அதே ‘அல்பம்’ இடத்தையே கொடுத்திருக்கிறீர்கள். கரண்ட் வந்தபோது சேர்வர் எழும்பியது, யூஎஸ்பி டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை. ஆனால் ‘அல்பம்’ என்ற வெறும் போல்டர் சிஸ்டம் டிஸ்கில் எப்போதும் இருக்கிறது. டெமனுக்கு வித்தியாசம் தெரியாது, பாதை இருக்கிறது என்று எழுதத் தொடங்கிவிட்டது. ஸ்டூடியோ மடிக்கணினிகள் முழுத் தொகுப்பையும் அதற்குள் கொட்டின. பிறகு நீங்கள் டிஸ்கை மவுன்ட் செய்தபோது, அது அந்தப் போல்டருக்கு மேல் வந்து உட்கார்ந்தது. கீழே கிடப்பவை கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

முதலில் டெமனை நிறுத்தி டிஸ்கை அன்மவுன்ட் செய்யுங்கள். ‘அல்பம்’ போல்டரைத் திறந்தால் படங்கள் அப்படியே இருக்கும். சிஸ்டம் டிஸ்க் நிரம்பிய இடத்தில் கடைசியாக வந்த கோப்பு அரைகுறையாக நின்றிருக்கலாம், மடிக்கணினியில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு நகர்த்தி, டிஸ்கை மவுன்ட் செய்து, அதற்குள் போடுங்கள்.

இனி நடக்காமல் இருக்க, டிஸ்கை மவுன்ட் செய்த நிலையில் அதற்குள் ‘படங்கள்’ என்று ஒரு போல்டர் உருவாக்குங்கள். மொடியூலின் பாதையை ‘அல்பம்’ என்பதோடு நிறுத்தாமல் அந்த உள் போல்டர்வரை கொடுங்கள். டிஸ்க் இல்லாத நாளில் உள் போல்டரும் இருக்காது. டெமன் அதற்குள் போக முடியாமல் ‘சீரூட் பெயில்ட்’ என்று மடிக்கணினிக்குச் சொல்லிவிட்டு நிற்கும், ஒரு பைட்டும் எழுதாது. பெரிய மென்பொருள் ஒன்றும் தேவையில்லை, பாதையில் ஒரு படி கூடுதலாக எழுதினால் போதும்.

அதோடு, எந்த டிஸ்கை எங்கே மவுன்ட் செய்வது என்று எழுதும் ‘எப்எஸ்டாப்’ கோப்பில், டிஸ்கை அதன் தனி அடையாளமான யூயூஐடி மூலம் குறிப்பிட்டு ‘நோபெயில்’ போடுங்கள். அது இல்லாவிட்டால் டிஸ்க் கழன்ற நாளில் சேர்வர் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், நீங்கள் மொனிட்டரும் கீபோர்டும் தேடி ஓட வேண்டும். முதல் பதிலில் சொன்ன, ‘சிஸ்டம்சிடிஎல் எடிட்’ திறக்கும் தனிக் கோப்பில் ‘ரெக்வயர்ஸ் மவுன்ட்ஸ் போர்’ என்ற வரியில் இந்தப் பாதையைக் கொடுத்தால், மவுன்ட் ஆன பிறகுதான் டெமன் எழும்பும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்களுக்கு நடந்தது திரும்பி வரக்கூடிய சேதம். சேர்வரிலிருந்து மடிக்கணினிக்கு எடுக்கும் கட்டளையில் ‘டிலீட்’ ஒப்ஷன் இருந்திருந்தால், வெறும் போல்டரைப் பார்த்து மடிக்கணினியில் உள்ள படங்களையும் அழித்திருக்கும். அந்த ஒப்ஷனைப் பாவிக்கும் இடத்தில் ‘மேக்ஸ் டிலீட்’ என்று ஓர் எல்லையும் சேர்த்துக் கொடுங்கள்.

கேள்வி (முல்லைத்தீவு, மீனவர் சங்கக் கணக்கு வேலை): பிஐடி கோப்பை எங்கள் தரவு டிஸ்கிலேயே வைத்திருக்கிறேன். கரண்ட் போய் வந்தால் டெமன் எழும்புவதில்லை. ‘பைல் எக்சிஸ்ட்ஸ்’ என்கிறது.

பதில்: அண்ணை, டெமன் ஓடும்போது தன் செயல் எண்ணை (அதுதான் பிஐடி) அந்தக் கோப்பில் எழுதி வைக்கும், ஒழுங்காக நின்றால் அழித்துவிடும். கரண்ட் போனால் அழிக்க நேரமில்லை. ‘ரன்’ போல்டரில் இருந்திருந்தால் கணினி நின்றதும் தானாகப் போயிருக்கும். நீங்கள் டிஸ்கில் வைத்ததால் பழைய கோப்பு தங்கிவிட்டது, வேறொரு டெமன் ஓடுகிறது என்று நினைத்து விலகுகிறது. 2022 இல் ஒரே நாளில் 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்த காலத்தில் இதற்கென்றே எத்தனை அழைப்பு வந்தது! புதிய பதிப்புகள் கோப்பைப் பூட்டி வைத்திருப்பதால் பழையது எது என்று கண்டுபிடித்து மேலே எழுதிவிடும். எப்படியானாலும் அதை ‘ரன்’ போல்டருக்கு மாற்றுங்கள். லினக்சில் சேர்விஸ்களைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டி வழியாக ஓட்டுகிறீர்கள் என்றால் அந்த வரியே தேவையில்லை, எடுத்துவிடலாம்.

கேள்வி (வவுனியா, தனியார் கல்வி நிலையம்): கடவுச்சொல் கோப்பை பென் டிரைவுக்கு மாற்றினோம். சரியான கடவுச்சொல் கொடுத்தாலும் ‘ஓத் பெயில்ட்’ என்று வருகிறது.

பதில்: கடவுச்சொல்லில் பிழை இல்லை, பென் டிரைவில்தான். விண்டோசுக்காக போர்மட் செய்த டிரைவுகளில் லினக்சின் உரிமைகளைச் சேமிக்க முடியாது, அநேகமாக எல்லோரும் வாசிக்கலாம் என்றுதான் காட்டும். மற்றவர்கள் வாசிக்கக்கூடிய கடவுச்சொல் கோப்பை டெமன் ஏற்காது, அதற்கு ‘ஸ்ட்ரிக்ட் மோட்ஸ்’ என்று பெயர். காரணத்தை வெளியில் சொல்லாமல் சேர்வரின் பதிவேட்டில் மட்டும் எழுதும், அதனால்தான் உங்களுக்கு விளங்கவில்லை. கோப்பை ஈடிசிக்குத் திருப்பிக் கொண்டுவந்து, உரிமையாளராக ரூட்டை (முழு அதிகாரம் உள்ள பயனர்) வைத்து, உரிமையை 600 ஆக்குங்கள், அதாவது உரிமையாளர் மட்டும் வாசிக்கவும் எழுதவும் முடியும். ஸ்ட்ரிக்ட் மோட்சை நிறுத்தினாலும் வேலை செய்யும், ஆனால் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மாணவர் விபரங்கள் இருக்கும் சேர்வர் அது.

கேள்வி (மல்லாவி): கொன்பிக்கில் பாதையை மாற்றினால் ஒவ்வொருமுறையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒவ்வொரு புதிய இணைப்புக்கும் டெமன் கொன்பிக்கைத் திரும்ப வாசிக்கும். போர்ட் (இணைப்பு வரும் வாசல் எண்), பிஐடி கோப்பு போன்ற பொது வரிகளுக்கு மட்டும் ரீஸ்டார்ட் தேவை.

கேள்வி (ஒட்டுசுட்டான்): அலுவலகக் கணினியில் எனக்கு ரூட் அனுமதி இல்லை. என் ஹோம் போல்டரிலிருந்தே டெமனை ஓட்ட முடியுமா?

பதில்: முடியும். வழக்கமான போர்ட் 873, அது 1024க்குக் கீழே இருப்பதால் உங்களுக்குத் திறக்காது. 8730 போல ஒன்றைக் கொடுங்கள். ‘யூஸ் சீரூட்’ (டெமனை மொடியூல் போல்டருக்குள் மட்டும் அடைத்து வைப்பது) என்பதற்கு ‘நோ’ கொடுங்கள், ரூட் இல்லாமல் அது நடக்காது. கொன்பிக், பதிவேடு, பூட்டு, பிஐடி நான்கையும் ஹோம் போல்டருக்குள் காட்டுங்கள். பூட்டை மறந்தால், ‘மேக்ஸ் கனெக்சன்ஸ்’ போட்ட அன்றைக்குத்தான் பிழை தெரியவரும். இதற்கு முன் அலுவலகத்தில் பொறுப்பானவரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (பரந்தன், ஓய்வுபெற்ற கிராம அலுவலர்): காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், பழைய குடும்பப் படங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மகளின் கணினிக்கும் ஒரு பிரதி போக வேண்டும். டெமனை இன்டர்நெட்டுக்குத் திறந்து விடலாமா?

பதில்: ஐயா, வேண்டாம். 2009 இல் இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டுப் பெட்டியும் போனது. அம்மாவின் கலியாணப் படம் ஒன்றுகூட இன்று எங்களிடம் இல்லை. அதனால் நீங்கள் செய்யும் வேலை எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும், அதை ஒழுங்காகச் செய்வோம்.

ஆர்சிங்க் டெமன் தரவை மறைகுறியாக்குவதில்லை, வழியில் இருப்பவர் உறுதிகளை அப்படியே வாசிக்கலாம். 873ஐ மூடி வைத்து, தரவை மறைகுறியாக்கி இன்னொரு கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகப் போங்கள். மகளின் கணினியில் லினக்சும் ஆர்சிங்கும் எஸ்எஸ்எச்சும் இருந்தால் போதும். கட்டளையில் எஸ்எஸ்எச்சைக் குறிப்பிட்டு, கணினிப் பெயருக்குப் பின் இரட்டை முக்காற்புள்ளி போட்டு மொடியூல் பெயரைக் கொடுத்தால், அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு டெமன் அங்கே எழும்பி வேலை முடிந்ததும் போய்விடும். அந்த டெமன் ஈடிசியைப் பார்க்காது. சாதாரணப் பயனராக நுழைந்தால் அவருடைய ஹோம் போல்டரில் உள்ள ‘ஆர்சிங்க்டி டொட் கொன்ப்’ கோப்பைத்தான் தேடும். ஆகவே மகளின் ஹோமில் அந்தக் கோப்பை உருவாக்கி, மொடியூலுக்குப் பாதையைக் கொடுத்து, ‘யூஸ் சீரூட்’ வரிக்கும் ‘ரீட் ஒன்லி’ வரிக்கும் ‘நோ’ போடச் சொல்லுங்கள். ‘ரீட் ஒன்லி’ வழக்கத்தில் ‘யெஸ்’ ஆக இருக்கும், மாற்றாவிட்டால் ஒரு கோப்பும் ஏறாது. அனுப்பும் கட்டளையில் ‘டிலீட்’ ஒப்ஷனைச் சேர்க்காதீர்கள். இங்கே தவறி ஓர் உறுதியை அழித்தாலும் யாழ்ப்பாணத்தில் அது இருக்கட்டும்.