பழைய ஸ்டீல் ரோடு சைக்கிளா, புதியதா?

கேள்வி: 1980-களில் செய்த, ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கர் ஒட்டிய ரோடு சைக்கிள் ஒன்று விலைக்கு வருகிறது. புதிய ஸ்டீல் ரோடு சைக்கிள் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்கிறார்கள். தினமும் வேலைக்குப் போகவும், வார இறுதியில் 60, 70 கிலோமீட்டர் ஓட்டவும் வேண்டும். வழியில் மேடு உண்டு. எதை வாங்கலாம்?

பதில்: இந்த ஒரு சைக்கிளை நம்பித்தான் எல்லாம், பழுது பார்க்க நேரமும் இல்லை என்றால் புதியதை வாங்குங்கள். ஸ்பானர் பிடிக்கத் தயங்காதவர் என்றால் பழையதைத் தாராளமாகப் பார்க்கலாம். அப்போதும் ஸ்டிக்கரை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்று கிடைக்கிற சாமான்கள் அந்த பிரேமில் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

‘அந்தக் காலத்து ஸ்டீல் மாதிரி வருமா’ என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். 531 என்பது ரெனால்ட்ஸ் கம்பெனி 1935-இல் கொண்டுவந்த மாங்கனீஸ்–மாலிப்டினம் கலவை எஃகு. நல்ல எஃகுதான். ஆனால் எந்த எஃகை எடுத்தாலும் அதன் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே. கலவை மாறும்போது மாறுவது வலிமை. வலிமை கூடினால் குழாயின் சுவரை இன்னும் மெல்லியதாக்கலாம், அவ்வளவுதான். ஓட்டும்போது தெரிகிற வித்தியாசம் குழாயின் விட்டத்திலிருந்தும், அதைவிட அதிகமாக டயரின் அகலத்திலிருந்தும் காற்றழுத்தத்திலிருந்தும் வருகிறது. பழைய பிரேம்களில் டாப் டியூப் (மேல் குறுக்குக் குழாய்) பெரும்பாலும் 25.4 மி.மீ., டவுன் டியூப் (முன்னிருந்து பெடல் பக்கம் சாய்ந்து இறங்கும் குழாய்) 28.6 மி.மீ. புதியவற்றில் இரண்டுமே பருமன் கூடியவை. அதனால் பழையது சற்று வளைந்து கொடுத்து ஓடும். பின்னால் சுமை கட்டினால் ஆட்டம் தெரியும்.

ஸ்டிக்கர் உண்மையா என்று பார்க்க இருக்கையைத் தாங்கும் சீட் போஸ்ட்டைக் கழற்றி அதன் விட்டத்தை அளந்து பாருங்கள். 27.2 மி.மீ. இருந்தால் மெல்லிய சுவர்க் குழாய் என்று நம்பலாம். 26-க்குக் கீழே போனால் குழாய் தடித்தது, பிரேம் கனமானது. பிரெஞ்சு பிரேம்கள் மட்டும் விலக்கு, அவற்றில் மெல்லிய குழாய்க்கே 26.4 வரும்.

அந்த சீட் போஸ்ட் கழன்று வருகிறதா என்பதே பெரிய சோதனை. எஃகுக் குழாய்க்குள் அலுமினியம் போஸ்ட் ஆண்டுக்கணக்கில் கிரீஸ் இல்லாமல் இருந்து, வியர்வையும் மழைநீரும் இறங்கினால், இரண்டு உலோகமும் அரித்து ஒன்றோடொன்று இறுகிவிடும். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மும் இப்படியே. அதன் மேல் போல்ட்டை நான்கைந்து சுற்று தளர்த்தி, போல்ட் தலையில் மரச் சுத்தியால் ஒரு தட்டு தட்டினால் உள்ளே இருக்கிற ஆப்பு விலகி ஸ்டெம் அசையவேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டையும் அசைத்துப் பாருங்கள். அசையாவிட்டால் வேண்டாம், கழற்றப் போய் பிரேம் கெடுவதும் உண்டு.

அடுத்து முன்பக்க மோதல். ஹேண்டில்பாருக்குக் கீழே நிற்கும் ஹெட் டியூபுக்குச் சற்றுப் பின்னால், டாப் டியூபுக்கும் டவுன் டியூபுக்கும் அடியில் விரலை ஓட்டுங்கள். சின்ன மடிப்போ பெயின்டில் குறுக்குக் கீறலோ தட்டுப்பட்டால் எதிலோ நேராக மோதியிருக்கிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால், முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் நேர்ப்பகுதி ஹெட் டியூபின் கோட்டிலேயே இறங்கவேண்டும். பின்னால் சாய்ந்திருந்தால் வளைந்துவிட்டது. பெடல் கைகளின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றியும், பின் அச்சு உட்காரும் டிராப்அவுட்டின் வலப்பக்கத்திலும், சீட் போஸ்ட்டை இறுக்கும் காதுகளிலும் விரிசல் தேடுங்கள். மேலாகப் படிந்த துரு பிரச்சினை இல்லை. பெயின்ட் உப்பியிருந்தால் சந்தேகப்படுங்கள். சீட் போஸ்ட் இறங்கும் சீட் டியூபுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று அலுமினியச் சாமான்கள். எஃகுக்கு ஒரு சோர்வு வரம்பு உண்டு. அதற்குள் வரும் அழுத்தம் எத்தனை முறை வந்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி வரம்பு கிடையாது. ஆகவே நாற்பது வருடத்து பிரேம் நன்றாக இருக்கும்போதே அதே வயது ஹேண்டில்பார் சொல்லாமல் முறியலாம். ஹேண்டில்பாரையும் ஸ்டெம்மையும் புதிதாக மாற்றிவிடுங்கள். ஃபோர்க்கின் குழாய்க்குள் இறங்கும் குவில் ஸ்டெம்மின் விட்டம் பெரும்பாலும் 22.2 மி.மீ., பிரெஞ்சு சைக்கிளில் 22.0. ஹேண்டில்பாரைப் பிடிக்கும் இடம் 25.4 அல்லது 26.0, சில இத்தாலியச் சைக்கிள்களில் 26.4. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இறுக்கினாலும் நழுவும். பெடலைத் தாங்கும் கிராங்க் கையும் செயின் வளையத்தைத் தாங்கும் கைகளும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று துடைத்துவிட்டுப் பாருங்கள்.

இனி அளவுகள். பின்சக்கர டிராப்அவுட்டுகளின் உட்புற இடைவெளி 120 மி.மீ. என்றால் 5 ஸ்பீடு (பின்னால் 5 பல்சக்கரம்) காலம், 126 என்றால் 6, 7 ஸ்பீடு, 130 என்றால் 8-உம் அதற்கு மேலும். 126-ஐ 130 ஆக அகட்டுவது எஃகில் சாதாரண வேலை: பக்கத்துக்கு 2 மி.மீ. சூடு காட்டாமல், ஒரு நேரத்தில் ஒரு பக்கமாக வளைக்கவேண்டும். ஒரு டிராப்அவுட்டில் நூலைக் கட்டி ஹெட் டியூபைச் சுற்றி மறு டிராப்அவுட்டுக்குக் கொண்டுவந்து, நூலுக்கும் சீட் டியூபுக்கும் உள்ள தூரம் இருபக்கமும் ஒன்றா என்று சரிபாருங்கள். பிறகு டிராப்அவுட்டுகள் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் அச்சு வளையும். 120-ஐ 130 ஆக்க நினைத்தால் பிரேம் செய்பவரிடமே விடுங்கள்.

பாட்டம் பிராக்கெட் மரை அதைவிட முக்கியம். 68 மி.மீ. அகல ஷெல்லில் ஆங்கில மரை (1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24) இருந்தால் கவலை இல்லை, புதிய கார்ட்ரிட்ஜ் (அச்சும் பேரிங்கும் சேர்ந்த ஒரே துண்டு) எளிதில் கிடைக்கும். பேரிங்கைத் தாங்கும் வலக் கிண்ணம் இடஞ்சுழியாக இறுகும். 70 மி.மீ. என்றால் இத்தாலிய மரை, அதையும் சமாளிக்கலாம். பிரெஞ்சு மரை (35 × 1) என்றால் சாமான் தேடி அலையவேண்டும். கிண்ணத்தின் முகத்திலேயே அளவு பொறித்திருக்கும்.

சக்கரம் 27 அங்குலமா, 700சி-யா என்றும் பாருங்கள். முதலாவதன் ரிம் விட்டம் 630 மி.மீ., அடுத்ததன் விட்டம் 622. 27-ஐ 700சி ஆக மாற்றினால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்கவேண்டும், பிரேக்கின் கை நீளம் அனுமதிக்குமா என்று அளந்துகொள்ளுங்கள். குரோம் பூசிய எஃகு ரிம்மில் மழையில் பிரேக் சரியாகப் பிடிக்காது, மாற்றியே ஆகவேண்டும்.

உங்கள் வழியில் மேடு இருப்பதால் கியர்தான் முழங்காலைத் தொடும் விஷயம். அந்தக் காலத்தில் வழக்கமான 42 பல் முன் வளையமும் 24 பல் பின் பல்சக்கரமும் சேர்ந்தால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி சுமார் 3.7 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்க மணிக்கு 15 கி.மீ. வேகம் வேண்டும்; செங்குத்து மேட்டில் பலருக்கும் அது முடியாது. புதிய சைக்கிளில் 34-க்கு 32 வந்தால் சுற்றுக்கு 2.2 மீட்டர், அதே மிதிக்கு 9 கி.மீ. போதும். பழையதில் 28 பல் ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கரத் தொகுதி) போட்டுக் கொஞ்சம் குறைக்கலாம். முன் வளையத்தைச் சிறிதாக்குவதற்கு கிராங்கில் அந்த வளையத்தைப் பிடிக்கும் போல்ட்டுகளின் வட்ட விட்டம் இடம் தரவேண்டும்: 144 மி.மீ. என்றால் 41 பல்லுக்குக் கீழே இறங்காது, 130 என்றால் 38 வரை போகலாம்.

விலையை ஒப்பிடும்போது டயர், டியூப், கேபிள், பிரேக் கட்டை, செயின், ஃப்ரீவீல், பேரிங் குண்டுகள் எல்லாவற்றையும் பழையதன் விலையோடு கூட்டுங்கள். பின் ஹப்பில் பக்கத்துக்கு 1/4 அங்குலக் குண்டு 9, பாட்டம் பிராக்கெட்டில் 11 என்பது வழக்கம்.

புதியதில் டிஸ்க் பிரேக், 32 மி.மீ. டயருக்கும் மட்கார்டுக்கும் சேர்ந்த இடம், மரையுள்ள பாட்டம் பிராக்கெட் மூன்றும் இருக்கிறதா என்று கேளுங்கள். எடை பழையதைவிடக் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்கவேண்டாம்.

உங்களுக்கு வந்திருப்பது ஆங்கில மரை, 126 அல்லது 130, 700சி, போஸ்ட்டும் ஸ்டெம்மும் அசைகின்றன, விரிசல் இல்லை என்றால் வாங்கலாம். 28 பல் ஃப்ரீவீலுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். போஸ்ட்டோ ஸ்டெம்மோ அசையாவிட்டாலும், விரிசல் இருந்தாலும் வேண்டாம்; மற்றவற்றில் இரண்டு தவறினால் புதியதற்குப் போங்கள். எதுவானாலும் இப்போது வசதியாக ஓட்டும் சைக்கிளின் டாப் டியூபைக் கிடைமட்டமாக, ஹெட் டியூபின் மையத்திலிருந்து சீட் டியூபின் மையத்துக்கு அளந்து ஒப்பிடுங்கள். 2 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஸ்டெம்மை மாற்றி மட்டும் அதைச் சரிக்கட்ட முடியாது.