வெள்ளிக்காசும் வீட்டு முகவரியும்

அன்புள்ள ஐயா,

மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தில், பாலிஷ் வைரங்களைத் தரம்பிரிக்கும் வேலையில் இருக்கிறேன். எங்களுக்குக் கல் கொண்டுவரும் தரகர் ஒருவர் தீபாவளிக்கு வீட்டுக்கே இனிப்புப் பெட்டி அனுப்பினார். உள்ளே பத்து கிராம் வெள்ளிக்காசு. நிறுவனம் வகுத்த வரம்புக்குள்தான் வருகிறது, எல்லோரும் வாங்குகிறார்கள். திருப்பினால் அவரை அவமதித்ததாகாதா? கிம்பர்லி சான்றிதழ் உள்ள தொழிலில் இதுகூடத் தவறா?

எஸ்., மும்பை

அன்புள்ள எஸ்.,

பழைய பெட்டியொன்றைக் குடைந்தபோது என் தாய்மாமா வைரம் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியான லூப் கையில் அகப்பட்டது. நான்கு நாட்களாக அவர் நினைவாகவே இருந்த எனக்கு உங்கள் கடிதம் வந்தது. முதலில் கிம்பர்லியை விட்டுவிடுங்கள். கலகப் படைகளுக்குப் பணமாகும் கச்சா வைரத்தைத் தடுக்க 2003இல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு அது. உங்கள் வீட்டு இனிப்புப் பெட்டியை அது திறந்து பார்க்காது.

‘எல்லோரும் வாங்குகிறார்கள்’ என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? எல்லோரும் தங்கள் பெட்டிகளை உங்களிடம் திறந்து காட்டினார்களா?

வைரச் சந்தை ஆப்பரா ஹவுஸ் பகுதியில் இருந்த காலத்தில் மாமா அங்கே தரம்பிரித்தார். வடக்குச் சன்னலோரம் வெள்ளைத் தாளை விரித்து, இடுக்கியால் கல்லை எடுத்து, இது ஜி நிறமா, அதற்கு ஒரு படி கீழான எச் நிறமா என்று அவர் தயங்கும் அந்த நொடியில்தான் கல்லின் விலையே இருக்கிறது. ஒரு வியாபாரி ஆண்டுதோறும் முந்திரி, பாதாம் பெட்டி அனுப்புவார்; மாமாவின் மகள் மருத்துவமனையில் கிடந்தபோது கேட்காமலே கார் அனுப்பினார். பதிலுக்கு அவர் எதையும் கேட்டதில்லை. சில ஆண்டுகளுக்குப் பின், பொட்டலங்களின் மேலிருந்த பெயர்களை மறைத்து, ஏற்கெனவே பார்த்த கற்களையே மறுபடி தரம்பிரிக்கச் சொன்னார் முதலாளி. முன்பு ஜி என்று எழுதிய பல கற்களுக்கு மாமா இப்போது எச் என்று எழுதினார். அவற்றில் பெரும்பாலானவை அந்த வியாபாரியுடையவை. ஒரு பைசா லஞ்சம் வாங்காத மனிதர் மாமா. அந்தத் தீபாவளிக்கு வந்த பெட்டியைப் பிரிக்கப்போன அத்தையிடம் அவர் கத்திய கத்தலில் தெருவே திரும்பிப் பார்த்தது.

2005இல், வைரங்களுக்குத் தரச்சான்று தரும் நியூயார்க்கின் புகழ்பெற்ற ஜி.ஐ.ஏ. ஆய்வகத்தில், தரத்தை உயர்த்தி எழுதப் பணம் கைமாறியதாகப் புகார் எழுந்து, சில ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள். அது பச்சையான ஊழல். ஊழல் தடுப்புச் சட்டத்தைப் போலவே அதையும் இங்கே விரிக்கப் போவதில்லை. அந்தச் சட்டம் அரசு ஊழியரைச் சுற்றியே நிற்கிறது, தனியார் நிறுவனத்தில் இருக்கும் உங்களுக்கும் தரகருக்கும் நடுவில் அது வராது.

எனக்கு உறுத்துவது வெள்ளிக்காசன்று, ‘வீட்டுக்கே’ என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய சொல். அலுவலகத்துக்கு வந்த பெட்டியைப் பத்துப் பேர் பிரித்துத் தின்பார்கள். வீட்டுக்கு வந்தது உங்கள் ஒருவருக்கானது. உங்கள் முகவரி அவருக்கு எப்படிக் கிடைத்தது? வரம்பு என்பது காசின் எடையைத்தான் நிறுக்கும். அது எங்கே, எந்த வாரத்தில் வந்தது என்பதை அன்பளிப்புப் பதிவேடுதான் சொல்லும். யார் கொடுத்தார், என்றைக்கு, அப்போது அவருடைய எந்த வைரப் பார்சல் உங்கள் மேஜையில் இருந்தது என்ற மூன்றையும் அன்றே எழுதியிருக்க வேண்டும். உலக அளவில் தன் உறுப்பு நிறுவனங்களுக்கு நெறிமுறை வகுக்கும் பொறுப்புள்ள நகைத்தொழில் அவையின் (Responsible Jewellery Council) நடைமுறை விதிகளே அன்பளிப்புப் பதிவேட்டைக் கேட்கின்றன; லஞ்சத்துக்கு உடன்பட மறுத்த ஊழியரை, வியாபாரம் கைவிட்டுப் போனாலும் தண்டிக்கக் கூடாதென்றும் சொல்கின்றன. ஆகவே பயத்தைக் காரணம் காட்டாதீர்கள்.

அவமதிப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். இனிப்பை அலுவலக மேஜையில் வையுங்கள். காசை முதலாளியிடம் கொடுத்து, அவர் கையெழுத்திட்ட நன்றிக் கடிதத்தோடு திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். இதற்கே முகம் சுளிப்பவர் என்றால், அவர் அனுப்பியது எதற்காக என்பது அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிடும். கோபமாக எழுதிவிட்டேன், மனம் உறுத்தித்தானே கடிதம் போட்டீர்கள், அதை நான் மறக்கவில்லை. ஒன்றை மட்டும் நீங்கள் எழுதவே இல்லை: அந்தத் தரகரின் அடுத்த பார்சல் உங்கள் மேஜைக்கு எப்போது வருகிறது?