பழைய புல்லட்டை 12 வோல்ட்டுக்கு மாத்தலாமா?

கேள்வி: அண்ணே, அப்பா வச்சிருந்த 6 வோல்ட் புல்லட் 350 இப்ப என்கிட்ட இருக்கு. ராத்திரி ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி எரியுது, ஹாரன் அடிச்சா இன்னும் மங்குது. 12 வோல்ட்டுக்கு மாத்தலாமா?

பதில்: தாராளமா மாத்தலாம் தம்பி, ஆனா முதல்ல வயரைப் பாருங்க. 35 வாட் பல்பு 6 வோல்ட்ல கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும், அதே வாட் 12 வோல்ட்ல 3 ஆம்பியர்தான், அதனால பாசி புடிச்ச பழைய வயர்லயும் சுவிட்ச்லயும் வீணாப் போற வோல்டேஜ் ரொம்பக் குறைஞ்சிடும், வெளிச்சம் கூடுற ரகசியமே அதுதான். பேட்டரிய மட்டும் மாத்திட்டு வந்துடாதீங்க, பல்பு, ஹாரன், இக்னிஷன் காயில் எல்லாமே 12 வோல்ட்டா இருக்கணும். பழைய ரெக்டிஃபையரக் (ஏசி கரண்ட்டை பேட்டரிக்கு ஏத்த டிசியா மாத்துறது) கழட்டிட்டு, வோல்ட் ஏறாம கட்டுப்படுத்துற ரெகுலேட்டரும் சேர்ந்தே வர்ற யூனிட்டு போடுங்க. வாங்குறதுக்கு முன்னாடி இன்ஜின் ஓடுறப்ப கரண்ட் எடுக்குற ஆல்டர்னேட்டரோட காயில் எர்த் ஆகுதான்னு, அதாவது வண்டி பாடியோட ஒட்டுதான்னு மீட்டர் வச்சுப் பாருங்க, ஆச்சுன்னா புதுசு எது போட்டும் பிரயோஜனமில்ல. பேட்டரில எந்த முனை எர்த்துன்னும், அதாவது பாடியில மாட்டியிருக்குன்னும் பார்த்துக்கங்க, மாத்திக் குடுத்தா புது யூனிட்டு அந்த நொடியே புகைஞ்சிடும் (நான் ஒண்ணு காவு குடுத்திருக்கேன்). பேட்டரி பக்கத்துலயே ஒரு பியூஸும் போட்டுடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டர் கொஞ்சம் முறுக்கிப் புடிச்சு பேட்டரி முனைல மீட்டர் வைங்க, 14 வோல்ட் சுமாருக்குக் காட்டினா சரி. 15-க்கு மேல ஏறுச்சுன்னா ரெகுலேட்டர் வேலை செய்யல, பேட்டரி தண்ணி கொதிச்சே வத்திடும். ஐட்லிங்ல ஹெட்லைட் லேசா மங்கும், அதுக்கு பயப்படாதீங்க.