லட் வாங்கும் முன் வேட்டியைப் பாருங்கள்: கலர் கரெக்‌ஷன் கேள்வி-பதில்

கே: கல்யாண வீடியோ எடுக்கிறேன். ‘சினிமா லுக்’ என்ற விளம்பரத்தைப் பார்த்து, 300 லட் (LUT, படத்தின் நிறத்தை மாற்றும் கோப்பு) அடங்கிய தொகுப்பை ₹1,499 கொடுத்து வாங்கினேன். எதைப் போட்டாலும் மாப்பிள்ளை முகம் ஆரஞ்சாகிறது. ஜரிகை வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. தொகுப்பு மோசமா, நான் போடும் விதம் தவறா? (சேலம்)

ப: போடும் இடம் தவறு. லட் என்பது ஒரு அட்டவணை, அவ்வளவுதான். ‘இந்தச் சிவப்பு-பச்சை-நீல அளவு உள்ளே வந்தால், அந்த அளவை வெளியே கொடு’ என்று எழுதி வைத்த பட்டியல். உங்கள் ஷாட் இருட்டா வெளிச்சமா, மண்டபத்தில் மஞ்சள் பல்பா டியூப்லைட்டா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. விற்பனைக்கு வரும் லட்களில் பெரும்பாலானவை லாக் (Log) முறையில், அதாவது பிறகு நிறம் சேர்ப்பதற்காகக் கான்ட்ராஸ்ட் குறைத்து எடுத்த, வெளுத்துப்போன படத்துக்காகச் செய்தவை. சாதாரண ப்ரொஃபைலில் எடுத்த கிளிப்பில் ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் இருக்கிறது. அதன்மேல் இன்னொரு கான்ட்ராஸ்ட் ஏறும்போதுதான் முகம் ஆரஞ்சாகிறது, ஜரிகை வெடிக்கிறது.

நோடு என்பது ஒரு திருத்தத்துக்கான கட்டம். முதல் நோடில் வெளிச்சம், இரண்டாவதில் வெள்ளைச் சமநிலை (ஒயிட் பேலன்ஸ்), லட் கடைசி நோடில். அதையும் முழுப் பலத்தில் விடாதீர்கள். டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் லட் இருக்கும் நோடைத் தேர்ந்தெடுத்து, கீ பகுதியில் அவுட்புட் கெயினை 1-இலிருந்து 0.4 அல்லது 0.5-க்கு இறக்குங்கள். லாக் படத்தைச் சாதாரண நிறத்துக்கு மாற்றும் லட்களை சோனி, கேனான், பானசோனிக் நிறுவனங்களே இலவசமாகத் தருகின்றன. மீதி 299 லட்டுக்குச் செலவழித்ததை மறந்துவிடுங்கள்.

கே: எங்கள் கல்லூரியில் 12 மாணவர்களுக்குக் கலர் கரெக்‌ஷன் சொல்லித்தர வேண்டும். எல்லாரும் புதியவர்கள். எந்த மென்பொருள் வாங்கலாம், எதிலிருந்து தொடங்கலாம்? (மதுரை)

ப: முதல் ஆறு மாதத்துக்கு எதையும் வாங்க வேண்டாம். ரிசால்வ் இலவசப் பதிப்பில் கலர் பக்கம், நோடு, எல்லா ஸ்கோப்பும் (வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து வரைபடமாகக் காட்டுபவை) உண்டு. வாட்டர்மார்க் இல்லாமல் யுஹெச்டி (4கே) அளவு வரை வெளியே எடுக்கலாம். நாய்ஸ் ரிடக்‌ஷன் போன்றவை 295 டாலர் ஸ்டூடியோ பதிப்பில்தான். அவை பாலபாடத்துக்குத் தேவையில்லை. ஒன்றை மட்டும் முன்பே சோதியுங்கள்: சில கேமராக்களின் 10 பிட் எச்.265 கிளிப்புகள் விண்டோஸ் இலவசப் பதிப்பில் திறக்காது. வகுப்பு நடுவில் ‘மீடியா ஆஃப்லைன்’ என்று சிவப்புத் திரை வந்தால் அரைமணி நேரம் போச்சு.

வகுப்பு தொடங்கும் முன் 12 கணினியிலும் விண்டோஸின் ‘நைட் லைட்’ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். மேக் என்றால் ‘நைட் ஷிஃப்ட்’, ‘ட்ரூ டோன்’. மாலை ஆறு மணிக்கு மேல் செய்த வேலையெல்லாம் மறுநாள் காலை நீலமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

பிறகு ஸ்கோப். அதைப் பார்க்கத் தெரிவதற்கு முன் லிஃப்ட், காமா, கெயின் என்ற நிறச் சக்கரங்களைத் தொடவே விடாதீர்கள். கண் ஏமாளி, ஒரு மஞ்சள் ஷாட்டை இரண்டு நிமிடம் பார்த்தால் அதையே வெள்ளை என்று ஒத்துக்கொள்ளும். எல்லாருக்கும் ஒரே கிளிப்பைக் கொடுத்து, படம் தெரியும் பகுதியைக் காகிதத்தால் மூடி, பரேடை (சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஸ்கோப்) மட்டும் பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். ரிசால்வ் பரேடில் அளவு 0 முதல் 1023 வரை. லிஃப்ட்டால் கருமையை 0-க்குச் சற்று மேலே நிறுத்தி, கெயினால் வெளிச்சத்தை 900-ஐ ஒட்டி நிறுத்தி, காமாவால் நடுப்பகுதியை ஏற்றி இறக்க வேண்டும். ஒன்றை நகர்த்தினால் மற்றது கொஞ்சம் நகரும், ஆகவே இரண்டு மூன்று சுற்று ஆகும். காகிதத்தை எடுக்கும்போது 12 திரையிலும் ஏறக்குறைய ஒரே படம் இருக்கும். ஸ்கோப்பை நம்ப வைக்க வேறு பிரசங்கம் வேண்டாம்.

அடுத்து வெள்ளைச் சமநிலை. இங்கேதான் நம் ஊர்ப் பொறி. ‘வெள்ளையைக் கண்டுபிடி’ என்றால் எல்லாப் பிள்ளைகளும் பிக்கரை (வெள்ளை எது என்று தொட்டுக்காட்டும் கருவி) வேட்டியில்தான் வைப்பார்கள். நீலம் போட்டு வெளுத்த வேட்டி வெள்ளை அல்ல, லேசான நீலம். மென்பொருள் அந்த நீலத்தை அடித்துச் சரிசெய்யும்போது, முகமெல்லாம் மஞ்சள் காமாலை வந்ததுபோல் ஆகிவிடும். சுண்ணாம்பு அடித்த சுவர், எவர்சில்வர் தட்டின் சாம்பல் பகுதி, பத்திரிகைக் காகிதம் என்று மூன்று இடத்தில் சோதித்து, எது முகத்தோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஷூட்டிங்கிலேயே ஒரு கிரே கார்டை (சாம்பல் நிற அட்டை) காட்டிவிட்டால் இந்த வேலையே இல்லை.

முகத்துக்கு வெக்டர்ஸ்கோப், அதாவது எந்த நிறம், எவ்வளவு அடர்த்தி என்று காட்டும் ஸ்கோப். முகத்தை மட்டும் வட்டமிட்டு, தோல்நிறக் கோட்டைப் பாருங்கள். கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று எந்த நிறத்தவர் தோலும் ஏறத்தாழ அதே கோட்டை ஒட்டித்தான் விழும். வேறுபாடு வேவ்ஃபார்ம் (வெளிச்ச அளவைக் காட்டும் ஸ்கோப்) உயரத்தில் இருக்கும். கறுத்த முகத்தை ஏற்றி வெளுக்க வைப்பது கரெக்‌ஷன் ஆகாது. அதேபோல நலங்கில் மஞ்சள் பூசிய முகம் கோட்டை விட்டு மஞ்சள் பக்கம் விலகும். அதை இழுத்துவந்து கோட்டில் நிறுத்தினால் மஞ்சளை அழித்துவிட்டீர்கள் என்று பொருள்.

ரிசப்ஷன் மேடையின் ஊதா நிற மேடை விளக்கை (PAR லைட்) கடைசியில் காட்டுங்கள். பரேடில் நீலம் மட்டும் உச்சியில் தட்டையாக வெட்டுப்பட்டு நிற்கும். வெட்டுப்பட்டது வராது. எதைக் காப்பாற்ற முடியாது என்று தெரிவதும் பாடம்தான்.

கே: ரிசால்வ் ஸ்டூடியோ பதிப்பின் கீ (உரிமக் குறியீடு) ₹600-க்கு ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கலாமா? (திருச்சி)

ப: வேண்டாம். ஒரு கீ இரண்டு கணினிக்குத்தான். அதையே பத்துப் பேருக்கு விற்றால், அடுத்தவர் போடும்போது உங்களுடையது கழன்றுவிடும்.

கே: எடிட்டிங்குக்கு லேப்டாப் வாங்கப் போகிறேன். நிறத்துக்கு எதைப் பார்க்க வேண்டும்? (நாகர்கோவில்)

ப: கடைக்காரர் கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றியே பேசுவார். நீங்கள் திரையைக் கேளுங்கள். என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவுகோல்கள். விவரப் பட்டியலில் ‘45% என்டிஎஸ்சி’ என்றிருந்தால் அது எஸ்ஆர்ஜிபி நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கைக்கூடத் தொடாது. சிவப்புப் பட்டு அதில் செங்கல் நிறமாகத் தெரியும். நீங்கள் நிறத்தைக் கூட்டுவீர்கள், வாடிக்கையாளரின் போனில் அது கத்தும். ‘100% எஸ்ஆர்ஜிபி’ அல்லது ‘72% என்டிஎஸ்சி’ என்று எழுதியிருக்க வேண்டும். ராம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது. காசு பற்றாவிட்டால் பிராசசரில் ஒரு படி இறங்குங்கள், திரையில் இறங்காதீர்கள்.

கே: ‘நேரடி வகுப்பு, சந்தேகம் தீர்ப்போம்’ என்று சொல்லி ₹8,000 வாங்கினார்கள். உள்ளே பதிவு செய்த வீடியோ மட்டும்தான். ‘நோ ரீஃபண்ட்’ என்கிறார்கள். (வேலூர்)

ப: அந்த விளம்பரத்தை, தேதி தெரியும்படி இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை அது மாறிவிடும். பணம் கட்டிய ரசீதோடு அவர்களின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். இல்லையேல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ‘நீங்கள் தொழிலுக்காகத்தானே படித்தீர்கள், நுகர்வோர் இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்யவே படித்தேன் என்பது உங்கள் பதில். மனுவிலேயே அதை ஒரு வரி எழுதிவிடுங்கள்.